கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்

எங்கள் பல்கலைக்கழகத்து இயற்கை வளக் கல்லூரியில் காட்டுக்கு ஒரு துறை, மண்ணுக்கு ஒரு துறை, நீருக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. இதில் எதிலும் சேராத ஒரு துறை தரைத்தளத்தில், விதைக் கிடங்குக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, கறகறவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, ஒரே ஒரு ஆள். கல்லூரியில் வரப்போகும் நிகழ்ச்சிகளை எல்லோருக்கும் தெரிவிப்பதுதான் அந்த ஆளின் வேலை. அவரை நிகழ்ச்சியக்கா என்று கூப்பிடுவோம். முதல்வரே அப்படித்தான் கூப்பிடுவார். முதல்வரைவிட அக்கா இளையவர் என்பது வேறு விஷயம்.

நான் கருத்தரங்குக் கூடத்தில் மைக்கையும் புரொஜக்டரையும் பார்த்துக்கொள்கிறவன். அக்கா ஆள் சேர்ப்பார், நான் சத்தம் சேர்ப்பேன். என் தலை வழுக்கையான பிறகும் அவருக்கு நான் தம்பிதான்.

அக்கா முதலில் கல்லூரியின் தொலைபேசி இணைப்பகத்துக்கு வேலைக்கு வந்தவர். "யார் வேணும், சொல்லுங்க" என்று அவர் கேட்கும் அழகுக்காகவே தப்பான எண்ணைச் சுற்றியவர்கள் உண்டு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எல்லோர் கையிலும் கைபேசி வந்ததும் இணைப்பகத்தைப் பூட்டினார்கள். அக்காவை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் விழித்துவிட்டு, யாரும் சீந்தாத அறிவிப்பு வேலையை அவர் தலையில் கட்டினார்கள். அதுவரை கல்லூரி அறிவிப்பு என்றால் 'இதனால் தெரிவிப்பது யாதெனில்' என்று ஆரம்பித்து, யாருக்கும் எதுவும் தெரியாமலே முடியும். அக்கா போனில் பேசுகிற மாதிரியே எழுத ஆரம்பித்தார்.

'செவ்வாய்க்கிழமை மண்புழு பற்றிய உரை. மண்புழு என்றால் முகம் சுளிப்பவர்கள் கட்டாயம் வரவும். மேடையில் மண்புழு இருக்காது, பேராசிரியர் மட்டும்தான் இருப்பார்.'

'சனிக்கிழமை காலை பறவை பார்க்கும் நடை. பறவைகள் நேரத்துக்கு வந்துவிடும். நீங்களும் வந்துவிடுங்கள்.'

'மாணவர்களுக்கிடையே மரம் அறுக்கும் போட்டி. விரல்களை எண்ணிக்கொண்டு வரவும், எண்ணிக்கொண்டு திரும்பவும்.'

அந்த விரல் விவகாரத்துக்கு மட்டும் முதல்வர் கூப்பிட்டுக் கண்டித்தார். மற்றதற்கெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வாசல் பலகையில் அறிவிப்பை ஒட்டினால், அவசரமாகப் போகிறவர்கள்கூட நின்று படித்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'அனைவரும் வருக' என்று ஒரு வரி இருக்கும்.

படித்தார்களே தவிர, வந்தார்களா என்றால் அது வேறு கதை. ஒருமுறை மீன் துறைப் பேராசிரியர் ஒருவர், மீனுக்குக் காது கேட்குமா என்பதைப் பற்றிப் பேச மாதக்கணக்கில் தயார் செய்துகொண்டு வந்தார். கூடத்தில் நான் இருந்தேன். விளக்கை அணைக்க வந்த காவலாளி, போக மனமில்லாமல் உட்கார்ந்தார். அவ்வளவுதான் கூட்டம். மனிதர் எங்கள் இருவருக்கும் ஒரு வரி விடாமல் முழுதாகப் பேசினார். முடித்ததும், "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார். பிறகு தன் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டு, என்னிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவருகே நின்று இதைப் பார்த்த அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"அந்த மனுஷன் முகத்தப் பாத்தியா தம்பி? இனிமே இந்தக் கூடத்துல யாரும் சுவத்துக்குப் பேசக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து நிகழ்ச்சி நாளில் அக்கா கூடத்து வாசலில் நின்று ஆள் பிடிப்பார். தபால்காரர், குடிநீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவர், தன் பையனுக்குச் சேர்க்கை விசாரிக்க வந்த அப்பா, யாரும் தப்ப முடியாது. "வாங்க, வந்து உக்காருங்க. உள்ள ஃபேன் இருக்கு, டீ இருக்கு. தூங்கினாலும் பரவாயில்ல, நிமிர்ந்து உக்காந்து தூங்குங்க. பேசறவருக்குத் தெரியக் கூடாது."

வீட்டிலும் அக்காவுக்கு வேலை குறைவில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அப்பா படுக்கையில் விழுந்தார். அப்பா போய்ச் சேர்ந்தபோது, பேச்சு எடுக்கிறவர்களும் ஓய்ந்திருந்தார்கள். அண்ணன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, அண்ணிக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது, அண்ணனின் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது என்று வருஷங்கள் ஓடின. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணியும் அவரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரிச் சண்டை போட்டு, கூடப் பிறந்தவர்கள் மாதிரியே மறந்துவிடுவார்கள்.

இப்படி இருந்தபோதுதான் கூடத்துக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் நிற்க ஆரம்பித்தது.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு நாற்றங்கால் உண்டு. மரக்கன்றுகளை விதையிலிருந்து முளைக்க வைத்து, பைகளில் வளர்த்து, நடுவதற்குக் கொடுக்கும் இடம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். நாற்றுக்காரர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மனைவி இறந்து வெகு காலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை, நாற்றங்காலை ஒட்டிய ஓர் அறையில் தனியாக இருந்தார். நல்ல உயரம். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். 'ஆமா' என்றால் பெரிய சொற்பொழிவு.

பூட்ஸில் சேறு இருக்கும் என்பதால் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலி. உரை முடியும்வரை அசைய மாட்டார். முடிந்ததும் எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுவார். டீக்குத்தான் வருகிறார் என்று முதலில் அக்கா நினைத்தார். ஆனால் டீயும் குடிப்பதில்லை, பிஸ்கட்டும் எடுப்பதில்லை.

மரத்தைப் பற்றிய உரைக்கு வந்தார், சரி. நிலத்தடி நீருக்கு வந்தார், அதுவும் சரி. வெளவால்களுக்கு வந்தார். ஆய்வுக் கட்டுரையை இதழ்களில் வெளியிடுவது எப்படி என்று மாணவர்களுக்கு நடந்த பயிலரங்கிலும் வந்து உட்கார்ந்தபோது எனக்குத் திக்கென்றது. அடுத்த வாரம் முனைவர் பட்ட மாணவியருக்கான உதவித்தொகை விளக்கக் கூட்டம். முப்பது பெண்கள், கடைசி வரிசையில் இவர்.

அன்று கூட்டம் முடிந்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கூட்டத்துக்கு எதுக்கு வந்தீங்க?"

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "வரக் கூடாதா?"

"அப்படி இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

"பலகையில 'அனைவரும் வருக'ன்னு போட்டிருந்துச்சே தம்பி." பூட்ஸுக்குள் காலை நுழைத்தார். "இத்தனை வருஷமா இங்க வேல பாக்கறேன். யாரும் என்ன ஒரு இடத்துக்கும் வான்னு சொன்னதில்ல. அந்தம்மா ஒவ்வொரு வாரமும் சொல்றாங்க. கூப்பிட்டப்புறம் போகாம இருந்தா நல்லா இருக்குமா?"

அவர் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல வந்து நான் கேட்டது அன்றுதான்.

நேரே அக்கா அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அக்கா விசைப்பலகை மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"அந்த வரிய எடுத்துடலாம்னு இருந்தேன் தம்பி. இடத்த அடைக்குது, யாரும் படிக்கறதில்லன்னு நினைச்சேன்."

அடுத்த நிகழ்ச்சியில் அக்கா ஒரு கோப்பை டீயை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.

"எடுத்துக்கோங்க."

"பரவாயில்லங்க மேடம்."

"டீயும் அனைவருக்கும்தான்."

வாங்கிக்கொண்டார். அதுதான் ஆரம்பம். அதன்பிறகு நாற்றுக்காரர் நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். முடிந்ததும் இருந்து அடுக்கிக் கொடுத்தார். அக்கா பேசிக்கொண்டே இருப்பார், அவர் அடுக்கிக்கொண்டே இருப்பார். அக்கா அறைக்கு ஒரு பூந்தொட்டி வந்தது. அக்கா அன்பு மிகுந்து அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கொன்றார். இன்னொரு தொட்டி வந்தது.

"இதுக்கு எப்பத் தண்ணி ஊத்தணும்?" என்று அக்கா கேட்டார்.

"அது கேக்கும்போது."

"செடி எப்படிங்க கேக்கும்?"

"நான் வந்து சொல்றேன்."

செடியின் சார்பில் சொல்வதற்காக அவர் நாள்தோறும் அந்தப் பக்கம் வந்தார். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். "இன்னிக்கு வேணாம்" என்பார், போவார். விதைக் கிடங்குக்காரர்கள் கண்ணடித்தார்கள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

பிறகு கல்லூரிக்குப் புதிய ஆய்வுக்கூடம் கட்ட முடிவாயிற்று. காலியிடம் என்று இருந்தது நாற்றங்கால்தான். கன்றுகளையெல்லாம் லாரியில் ஏற்றி, மலை மேல் கல்லூரிக்குச் சொந்தமான ஆய்வுக் காட்டுக்கு அனுப்பினார்கள். நாற்றுக்காரரும் கூடவே போனார். லாரி புறப்பட்ட அன்று அக்கா வாசலில் வந்து நின்றார்.

"போய்ட்டு வரேங்க மேடம்."

"சரிங்க."

வாய் ஓயாமல் பேசுகிற அக்காவுக்கு அன்று அவ்வளவுதான் பேச்சு வந்தது.

அதன்பிறகு அறிவிப்புகளில் உப்பு சப்பில்லை. 'வியாழக்கிழமை உரை. இடம்: கருத்தரங்குக் கூடம்.' அவ்வளவுதான். தவளை பற்றிய உரைக்குக்கூட ஒரு கேலி இல்லை. வாசலில் நின்று ஆள் பிடிப்பதும் குறைந்தது. நிகழ்ச்சி நடக்கும்போது இரண்டு முறையாவது கதவுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார். அங்கே மாணவர்களின் செருப்பு ஒன்றிரண்டு கிடக்கும்.

ஒருநாள் அண்ணி என்னைக் கடைத்தெருவில் பார்த்துப் பிடித்துக்கொண்டார். "கல்லூரில என்ன நடக்குது? எங்க வீட்ல இப்ப ஒருத்தி என்னோட சண்டையே போட மாட்டேங்கறா. உப்பு தூக்கலா இருக்குன்னு நானே சொல்றேன், சரின்னு கேட்டுக்கறா. எனக்குப் பயமா இருக்கு."

நான் மழுப்பினேன். அண்ணி விடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்த அண்ணி கையிலிருந்த பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அடிப்பாவி, என்கிட்ட சொல்லலியே" என்றார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. வீட்டுக்குப் போய் அண்ணி என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அந்த வாரமே அக்கா முதல்வர் அறைக்கதவைத் தட்டினார். ஒலிபெருக்கி வாங்குவது பற்றிப் பேச நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"சார், மலை நாற்றங்காலுக்கு ஒரு பார்வை நாள் வைக்கலாம் சார். ஒரு பஸ் போதும்."

முதல்வர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அவ்வளவு தூரம் யாரும்மா வருவாங்க? கீழ இருக்கற கூடத்துக்கே நீங்க ஆளப் பிடிச்சு இழுக்க வேண்டியிருக்கு."

"நான் வரவைக்கறேன் சார்."

"நீங்களும் போவீங்களா?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. அக்காவுக்கு வளைவுப் பாதை ஆகாது. இத்தனை காலத்தில் எத்தனையோ களப் பயணங்களை அறிவித்திருக்கிறார், ஒன்றுக்கும் போனதில்லை. பஸ் வாசனை பட்டாலே குடலைப் புரட்டும். அது கல்லூரி முழுவதற்கும் தெரிந்த விஷயம்.

"போவேன் சார்" என்றார் அக்கா.

மறுநாள் வாசல் பலகையில் பழைய அக்கா திரும்பி வந்திருந்தார்.

'நம் நாற்றங்கால் மலையேறிவிட்டது. கோபித்துக்கொண்டு அல்ல, இடமில்லாமல். சனிக்கிழமை அதைப் பார்த்து நலம் விசாரிக்கப் போகிறோம். ஆயிரக்கணக்கான கன்றுகள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. மழை வந்தால் நனைவோம். பாதை வளைந்து வளைந்து போகும். இந்த அறிவிப்பை எழுதுகிறவரே வருகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.'

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அக்காவே வருகிறாராமே என்று பஸ் நிரம்பிவிட்டது. மீன் பேராசிரியர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். முதல்வரும் வந்தார். ஊரில் இல்லாத ஆர்வத்தோடு அண்ணியும் வந்து ஏறினார். நான் கம்பியில்லா மைக்கும் சின்ன ஒலிபெருக்கியுமாகப் பின்னால் உட்கார்ந்தேன்.

அக்கா டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு. முதல் வளைவு வரை பேசினார். இரண்டாவதில் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். பஸ்ஸை மூன்று இடத்தில் நிறுத்தினோம். அண்ணி தலையைப் பிடித்துக்கொள்ள, முதல்வர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "திரும்பிடலாமாம்மா?" என்று அவர் கேட்டபோது அக்கா கையை முன்னோக்கி ஆட்டினார். போ என்று அர்த்தம்.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. நாற்றங்காலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் ஓடை பாதையைக் கடக்கிறது. அங்கே பஸ்ஸின் பின் சக்கரம் சேற்றில் இறங்கியது. டிரைவர் முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மண் பேராசிரியர் ஒருவர், இது களிமண் கலந்த வண்டல், இப்படித்தான் பிடிக்கும் என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே அவரும் முழங்கால் வரை இறங்கினார்.

அப்போது மேலே டிராக்டர் சத்தம் கேட்டது.

நாற்றுக்காரர் மழைக்கோட்டோடு இறங்கி வந்தார். அக்கா ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, புடவை ஓரமெல்லாம் சேறு. கிளம்பும்போது ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த புடவை.

"ஐயோ அண்ணி, இப்படியா என்னப் பாக்கணும்?" என்று அக்கா முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

நாற்றுக்காரர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. முதல்வருக்கு வணக்கம் சொல்லவும் மறந்துவிட்டார். நேரே பாறைக்குப் போய் மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினார். "பஸ்ல வந்தீங்களா? உங்களுக்குத்தான் ஆகாதே."

"ஆகலதான்" என்றார் அக்கா.

பஸ்ஸைச் சங்கிலி போட்டு இழுத்து மேலே சேர்த்தபோது மழை விட்டிருந்தது. கன்றுகள் நனைந்து பளபளவென்று வரிசையாக நின்றன. நான் ஒலிபெருக்கியை ஒரு மேசை மேல் வைத்தேன். நாற்றுக்காரரே எல்லாவற்றையும் விளக்கட்டும் என்று முதல்வர் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் வாழ்க்கையில் மைக்கைப் பிடித்ததில்லை. அதைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"இது... நாத்து."

கூட்டம் காத்திருந்தது.

"அந்தப் பக்கம் இருக்கறது..." தொண்டையைச் செருமினார். "அதுவும் நாத்துதான்."

யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவந்தது. இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் மைக்கை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டியிருப்பார். சுவருக்குக்கூடப் பேச முடியாமல் ஒரு மனிதர் தவித்தார். அக்கா பெரிய மழைக்கோட்டுக்குள் இருந்தபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன் வரிசைக்கு வந்தார்.

"ஏங்க, இந்தக் கன்னு மட்டும் ஏன் தலைய ஒரு பக்கமா சாச்சுட்டு நிக்குது?"

நாற்றுக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். "அதுவா? அது வெளிச்சத்தத் தேடுது. இங்க பக்கத்துல பெரிய மரம் இருக்கு பாருங்க, அந்த நிழல் விழுது. நேத்துதான் இடம் மாத்தி வச்சேன். ஒரு வாரத்துல நிமிர்ந்துக்கும்."

"இது ஏன் இவ்வளவு குட்டியா இருக்கு? சாப்பாடு போடறதில்லையா?"

"அது மெதுவாத்தான் வளரும். முதல் வருஷம் முழுக்க வேரத்தான் விடும். மேல பாத்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். பிடுங்கிப் பாத்தாத்தான் தெரியும், பிடுங்கவும் கூடாது."

அக்கா கேட்டுக்கொண்டே போனார், அவர் சொல்லிக்கொண்டே போனார். இணைப்பகத்தில் உட்கார்ந்து, வாய் திறக்கத் தயங்குகிறவர்களிடமிருந்து பேச்சை வரவழைத்த பழக்கம் அக்காவுக்கு. இருவரும் வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். மைக் அவர் கையில் மறந்துபோய்த் தொங்கியது. நான் ஒலியைக் கூட்டி வைத்தேன். அவர் பேசியது முழுக்க அக்காவோடுதான். நாங்கள் நாற்பது பேர் பின்னாலேயே போய் ஒட்டுக் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். மீன் பேராசிரியர் குறிப்புகூட எடுத்தார்.

புறப்படும் நேரம் வந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் அக்காவுக்கு மறுபடி முகம் வெளுத்தது.

"டிராக்டர்ல வரீங்களா? காத்தோட்டமா இருக்கும், புரட்டாது. அடிவாரத்துல விட்டுடறேன்" என்றார் நாற்றுக்காரர்.

அக்கா அண்ணியைப் பார்த்தார். அண்ணி வானத்தைப் பார்த்தார். "நான் பஸ்ல போறேம்மா. எனக்கு ஜன்னலோரம் கிடைச்சிருக்கு" என்றார்.

டிராக்டரில் நடந்ததை அக்கா வெகு நாள் கழித்து எனக்குச் சொன்னார். நாற்றுக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தாராம்.

"அடுத்த மாசம் கீழ என்ன நிகழ்ச்சி?"

"ஏதோ ஒண்ணு. எழுதவே பிடிக்கல."

"ஏன்?"

"நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுட்டே எப்படி எல்லாரையும் வாங்கன்னு எழுதறது?"

டிராக்டர் ஒரு வளைவைக் கடந்தது. இன்னொன்றையும் கடந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி அணைத்தார்.

"எனக்குப் பேச வராதுங்க."

"எனக்கு வரும்" என்றாராம் அக்கா. "ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

அவர் தலையை ஆட்டினார்.

கல்யாணச் சேதி கேட்டு அண்ணன்தான் அதிர்ந்துபோனார். "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணி விடாமல் கதவருகே நின்று பேசினார். "எந்த வயசுல பண்ணணும், சொல்லுங்க? அவ வயசெல்லாம் இந்த வீட்டுக்குத்தான் போச்சு. உங்கப்பாவுக்கு மருந்து கொடுத்தது யாரு? உங்க பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? உங்களுக்கு இப்ப வருத்தம் அவ கல்யாணம் பண்றதுலயா, இல்ல கண்ணாடியத் தேடித் தர ஆளில்லாமப் போகுதேன்னா?"

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. "அவர ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு" என்றார் தங்கையிடம். ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை, சாப்பாடு முடியும்வரை நாலு வார்த்தைதான் பேசினார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் வாடிக் கிடந்த எலுமிச்சையைப் போய்ப் பார்த்து, அடிமண்ணைக் கொத்திவிட்டு வந்தார். அண்ணனுக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. தானும் அதிகம் பேசாதவர் என்பதால், வீட்டில் ஒரு துணை கிடைத்த திருப்தி.

பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் கருத்தரங்குக் கூடத்தில் எல்லோருக்கும் டீ. அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் அக்கா அறிவிப்பு எழுத மறுத்துவிட்டார், வெட்கம். மீன் பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். இலக்கணச் சுத்தமாக, ஒரு சிரிப்புகூட இல்லாமல் இருந்தது. ஆனாலும் கூடம் வழிந்தது. நாற்காலி பற்றாமல் ஆட்கள் சுவரோரமெல்லாம் நின்றார்கள்.

சில மாதங்கள் அக்கா மலையடிவாரத்தில் ஒரு வீடு பிடித்து அங்கிருந்து வேலைக்கு வந்துபோனார். நாற்றுக்காரர் மலையிலிருந்து டிராக்டரில் வீட்டுக்கு இறங்கி வருவார். பிறகு ஆற்றங்கரைப் பக்கம் கல்லூரிக்கு நிலம் கிடைத்து நாற்றங்கால் சமவெளிக்குத் திரும்பியது. இப்போது இருவருக்கும் ஊழியர் குடியிருப்பில் வீடு. மனிதர் வெளியில் இன்றைக்கும் அளந்துதான் பேசுகிறார், மனைவியை இன்றைக்கும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டுக்குள் நிலைமையே வேறாம்.

"காலைல கண்ண முழிச்சதும் ஆரம்பிக்கறாரு தம்பி. ரேடியோல கேட்ட சேதி, வழில பாத்த நாய், மேகம் எந்தப் பக்கம் போச்சு, எல்லாத்தையும் சொல்லியாகணும். ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசறேன்னு சொன்னேனே, எனக்கு இப்ப வாயத் திறக்க இடம் இல்ல" என்று அக்கா என்னிடம் புலம்புகிறார். புலம்பும்போது முகத்தில் தெரியும் பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு மஞ்சள் வேண்டும், அவருக்கு நீலம். ஒரு சுவர் மஞ்சளாகவும் எதிர்ச்சுவர் நீலமாகவும் இருந்தது. மீதி இரண்டு சுவருக்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. அண்ணியும் அண்ணனும் பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி மஞ்சள் கட்சி. அண்ணன் மாப்பிள்ளை பக்கம்.

"தம்பி, நீ சொல்லு. எது நல்லா இருக்கு?" என்றார் அக்கா, மூக்கு நுனியில் மஞ்சளோடு.

நாற்றுக்காரர் ஒரு தூரிகையை எடுத்து, நீல வாளியில் நனைத்து, என் கையில் கொடுத்தார்.